மேஜர் ஸ்கேல் கார்டுகள்: ஒட்டாத இடத்தை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

கிட்டாரிலோ கீபோர்டிலோ கார்டு (மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கத் தெரியும். பாட்டும் தெரியும். ஆனாலும் இரண்டையும் சேர்க்கும்போது ஏதோ ஓரிடத்தில் ஒட்டாமல் போகிறது. எது தவறு என்று புரியாமல் கைக்கு வந்த கார்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறோம். ஒன்று தற்செயலாகப் பொருந்திவிட்டால் எழுதி வைத்துக்கொள்கிறோம். அடுத்த பாட்டில் மறுபடியும் அதே தேடல்.

நானும் நெடுநாள் இப்படித்தான் வாசித்தேன். ஸ்கேலுக்கு ஏழு கார்டு, 12 ஸ்கேலுக்கு 84 பெயர்கள் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஸ்கேல் மாறினால் பட்டியல் குழம்பிவிடும். கார்டின் பெயரைப் பார்ப்பதை விட்டு, அதற்குள் இருக்கும் மூன்று ஸ்வரங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெளிவு வந்தது. மேஜர் ஸ்கேலுக்கு ஏழு ஸ்வரங்கள். கார்டின் மூன்று ஸ்வரங்களும் அந்த ஏழுக்குள் இருந்தால் அது ஸ்கேலின் சொந்தக் கார்டு. ஒன்றாவது வெளியே நின்றால் சொந்தமில்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளியே நிற்கும் ஸ்வரம் எது?

சோதனைக்கு முன் கையில் இருக்க வேண்டியது

அரைப்படி என்றால் கிட்டாரில் ஒரு ஃப்ரெட். கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் விடாமல் எண்ணினால் அடுத்த கட்டை. இரண்டு அரைப்படி சேர்ந்தது முழுப்படி. எந்த ஸ்வரத்தில் தொடங்கினாலும் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்று ஏறினால் மேஜர் ஸ்கேல் கிடைக்கும். சங்கராபரணம் பாடியவர்களுக்கு இந்த ஏற்றம் தொண்டையிலேயே இருக்கும்.

இந்த ஏழையும் எழுதிவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுங்கள். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது சேர்ந்தால் முதல் கார்டு. இரண்டாவது, நான்காவது, ஆறாவது சேர்ந்தால் இரண்டாம் கார்டு. இப்படியே ஏழு வரை. அப்புறம் இடைவெளியை அரைப்படிகளில் எண்ணுங்கள். முதலில் 4, அடுத்து 3 வந்தால் மேஜர். முதலில் 3, அடுத்து 4 வந்தால் மைனர். இரண்டுமே 3 என்றால் டிமினிஷ்டு.

சி ஸ்கேலில் செய்து பார்த்தால்:

சி, ஈ, ஜி: மேஜர்
டி, எஃப், ஏ: மைனர்
ஈ, ஜி, பி: மைனர்
எஃப், ஏ, சி: மேஜர்
ஜி, பி, டி: மேஜர்
ஏ, சி, ஈ: மைனர்
பி, டி, எஃப்: டிமினிஷ்டு

மேஜர், மைனர், மைனர், மேஜர், மேஜர், மைனர், டிமினிஷ்டு. எந்த மேஜர் ஸ்கேலை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது, ஏனென்றால் ஏறும் படிகள் எல்லா ஸ்கேலிலும் ஒன்றேதான். 84 பெயர்களை மனதில் ஏற்ற வேண்டியதில்லை. இந்த ஒரு வரிசையும் ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களும் போதும்.

அறிகுறி: ஒரே ஒரு கார்டு வரும்போது மட்டும் பாட்டு கசக்கிறது

மற்ற இடமெல்லாம் நன்றாக ஓடுகிறது, அந்தக் கார்டு வந்ததும் பாடுகிறவர் முகம் சுருங்குகிறது என்றால், பெரும்பாலும் மைனராக இருக்க வேண்டியதை மேஜராகப் பிடித்திருப்பீர்கள். சி ஸ்கேல் பாட்டில் டி மேஜர் பிடிப்பது இதில் மிகச் சாதாரணம். கிட்டாரில் டி மேஜர் வடிவம் கைக்குப் பழகியது, தானாக விழுந்துவிடும். அதன் உள்ளே டி, எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரைப்படி மேலே), ஏ. எஃப் ஷார்ப் சி ஸ்கேலில் இல்லை. பாடகர் அதே நேரத்தில் எஃப் பாடினால் அரைப்படி இடைவெளியில் இரண்டும் மோதும். ஈ மேஜரில் ஜி ஷார்ப்பும் ஏ மேஜரில் சி ஷார்ப்பும் இதே வேலையைச் செய்யும்.

கவனியுங்கள், மேஜருக்கும் மைனருக்கும் நடு ஸ்வரம் மட்டுமே வேறு. அதனால் ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்தை, மாற்றாதீர்கள், நடு ஸ்வரத்தை அரைப்படி இறக்கிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுவே போதும் என்பது என் அனுபவம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம்: போன ஸ்கேலின் பழக்கம். சி-யில் நிறைய வாசித்தவர் ஜி-க்கு வந்ததும் எஃப் மேஜரைக் கூடவே கொண்டுவருவார். சி-க்கும் ஜி-க்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம், எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப். ஆனால் ஸ்கேலின் ஒவ்வொரு ஸ்வரமும் மூன்று கார்டுகளுக்குள் இருப்பதால், அந்த ஒன்று மாறினால் மூன்று கார்டுகள் மாறும். டி மைனர் டி மேஜராகும். எஃப் மேஜர் போய் எஃப் ஷார்ப் டிமினிஷ்டு வரும். பி டிமினிஷ்டு பி மைனராகும். மீதி நான்கும், அதாவது சி, ஈ மைனர், ஜி, ஏ மைனர், அப்படியே நிற்கும். ஜி-யில் ஏதாவது கசந்தால் முதலில் இந்த மூன்றைத்தான் பார்ப்பேன்.

அறிகுறி: ஸ்கேலை எழுதும்போதே பெயர் இடிக்கிறது

எஃப் ஸ்கேலை எழுதச் சொன்னால் பலர் எஃப், ஜி, ஏ, ஏ ஷார்ப், சி, டி, ஈ என்று எழுதுவார்கள். காதுக்கு இதில் தவறே இல்லை. ஆனால் ஏ இரண்டு முறை வந்திருக்கிறது, பி காணோம். இதை வைத்துக் கார்டு கட்டினால் நான்காவது கார்டு ஏ ஷார்ப் மேஜர் ஆகும், ஜி மைனருக்குள் ஜி, ஏ ஷார்ப், டி என்று வரும். எழுதினவருக்கே அடுத்த வாரம் புரியாது.

விதி எளிது. ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வர வேண்டும், எதுவும் இரண்டு முறை வரக்கூடாது. அதனால் எஃப் ஸ்கேலில் அது பி ஃப்ளாட் (பி-க்கு அரைப்படி கீழே). எஃப் ஷார்ப் ஸ்கேலின் ஏழாவது ஸ்வரத்தை ஈ ஷார்ப் என்று எழுதுவதும் இதே காரணத்தால்தான். கீபோர்டில் அது எஃப்-இன் கட்டைதான், ஆனால் எஃப் என்ற எழுத்தை எஃப் ஷார்ப் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

எத்தனை ஷார்ப், எத்தனை ஃப்ளாட் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சி-யில் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஐந்தாவது ஸ்வரத்துக்குத் தாவினால் ஒரு ஷார்ப் கூடும்: ஜி-க்கு 1, டி-க்கு 2, ஏ-க்கு 3, ஈ-க்கு 4, பி-க்கு 5. புதிதாக வரும் ஷார்ப் எப்போதும் அந்தப் புதிய ஸ்கேலின் ஏழாவது ஸ்வரம். டி ஸ்கேலுக்கு வந்தால் புதியது சி ஷார்ப், ஏ-க்கு வந்தால் ஜி ஷார்ப். மறுபக்கம் நான்காவது ஸ்வரத்துக்குத் தாவிக்கொண்டே போனால் ஃப்ளாட் கூடும்: எஃப்-க்கு 1, பி ஃப்ளாட்டுக்கு 2, ஈ ஃப்ளாட்டுக்கு 3, ஏ ஃப்ளாட்டுக்கு 4, டி ஃப்ளாட்டுக்கு 5. இங்கே புதிய ஃப்ளாட் அந்த ஸ்கேலின் நான்காவது ஸ்வரம்.

சரிபார்த்துக்கொள்ள, அதிகம் வாசிக்கப்படும் ஸ்கேல்களின் கார்டுகள்:

ஜி: ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்டு
டி: டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி, ஏ, பி மைனர், சி ஷார்ப் டிமினிஷ்டு
ஏ: ஏ, பி மைனர், சி ஷார்ப் மைனர், டி, ஈ, எஃப் ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் டிமினிஷ்டு
ஈ: ஈ, எஃப் ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மைனர், ஏ, பி, சி ஷார்ப் மைனர், டி ஷார்ப் டிமினிஷ்டு
எஃப்: எஃப், ஜி மைனர், ஏ மைனர், பி ஃப்ளாட், சி, டி மைனர், ஈ டிமினிஷ்டு
பி ஃப்ளாட்: பி ஃப்ளாட், சி மைனர், டி மைனர், ஈ ஃப்ளாட், எஃப், ஜி மைனர், ஏ டிமினிஷ்டு
ஈ ஃப்ளாட்: ஈ ஃப்ளாட், எஃப் மைனர், ஜி மைனர், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி மைனர், டி டிமினிஷ்டு

மீதியை நான் எழுதவில்லை. பி-யையும் ஏ ஃப்ளாட்டையும் நீங்களே கட்டிப் பாருங்கள். ஒருமுறை கையால் கட்டியது பத்து முறை படித்ததைவிட நன்றாக நிற்கும்.

அறிகுறி: ஏழாவது கார்டை எப்படிப் பிடித்தாலும் நன்றாக இல்லை

சி ஸ்கேலில் பி மேஜர் பிடித்தால் டி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று இரண்டு ஸ்வரங்கள் வெளியே நிற்கும். பி மைனர் பிடித்தால் எஃப் ஷார்ப் மட்டும் வெளியே நிற்கும். சொந்தமானது பி, டி, எஃப் மட்டும். அதுவும் தனியாக ஒலித்தால் ஒருவித நெருடலோடுதான் இருக்கும். அது உங்கள் கையின் பிழை இல்லை, அந்தக் கார்டின் சுபாவமே அதுதான். மற்ற ஆறு கார்டுகளிலும் ரூட்டிலிருந்து ஐந்தாம் ஸ்வரத்துக்கு 7 அரைப்படி. இதில் மட்டும் 6.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம், எனக்கு மிகவும் பிடித்த விளக்கமும் இதுதான். சங்கராபரணத்தில் கிரகபேதம் செய்தால், அதாவது அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஸட்ஜமாக வைத்தால், ரிஷபத்திலிருந்து கரகரப்பிரியா, காந்தாரத்திலிருந்து தோடி, மத்யமத்திலிருந்து கல்யாணி, பஞ்சமத்திலிருந்து ஹரிகாம்போதி, தைவதத்திலிருந்து நடபைரவி கிடைக்கும். நிஷாதத்திலிருந்து மட்டும் மேளகர்த்தா (தாய் ராகம்) பிறக்காது, ஏனென்றால் அங்கே பஞ்சமம் கிடைப்பதில்லை. இப்போது காந்தாரத்தைக் கவனியுங்கள். சங்கராபரணம், கல்யாணி, ஹரிகாம்போதி மூன்றிலும் அந்தர காந்தாரம். அந்த மூன்று இடங்களிலும்தான், அதாவது 1, 4, 5-இல், மேஜர் கார்டு விழுகிறது. கரகரப்பிரியா, தோடி, நடபைரவி மூன்றிலும் சாதாரண காந்தாரம். 2, 3, 6-இல் மைனர். பஞ்சமம் இல்லாத ஏழாம் இடத்தில் டிமினிஷ்டு. கார்டு வரிசையை ராக ஞானமுள்ள ஒருவர் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

சரி, வாசிக்கும்போது என்ன செய்வது? பேஸ் நோட் (மிகக் கீழே ஒலிக்கும் ஸ்வரம்) பி-யில் இறங்க வேண்டிய இடத்தில் ஜி மேஜரைப் பிடித்து, பேஸில் மட்டும் பி-யை வையுங்கள். சி, பேஸில் பி வைத்த ஜி, ஏ மைனர் என்று இறங்கும் நடையில் இது அழகாக உட்காரும். இழுவிசை வேண்டிய இடம் என்றால் ஜி செவன்த் பிடியுங்கள். அதன் ஸ்வரங்கள் ஜி, பி, டி, எஃப். பி டிமினிஷ்டு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அறிகுறி: ஸ்கேல் மாற்றியதும் ஒரு கார்டு மட்டும் கெட்டுவிட்டது

சி, ஏ மைனர், எஃப், ஜி என்று போகும் பாட்டை டி-க்கு மாற்ற வேண்டும். எல்லா எழுத்தையும் ஒன்று தள்ளினால் டி, பி மைனர், ஜி, ஏ. சரியாக வந்துவிட்டது. இந்த வெற்றிதான் ஏமாற்றும். அதே பாட்டை ஈ-க்கு மாற்ற எழுத்தை இரண்டு தள்ளினால் ஈ, சி மைனர், ஏ, பி என்று வரும். சி மைனர் வரும் இடத்தில் பாட்டு உடையும். சி-யும் ஜி-யும் ஈ ஸ்கேலில் கிடையாது. வர வேண்டியது சி ஷார்ப் மைனர்.

எழுத்தைத் தள்ளாதீர்கள், எண்ணாக மாற்றுங்கள். அந்தப் பாட்டு 1, 6, 4, 5. ஈ ஸ்கேலின் ஆறாவது ஸ்வரம் சி ஷார்ப், ஆறாம் இடம் எப்போதும் மைனர், ஆக சி ஷார்ப் மைனர். அதே பாட்டு பி ஃப்ளாட்டில் வேண்டுமென்றால் பி ஃப்ளாட், ஜி மைனர், ஈ ஃப்ளாட், எஃப்.

அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டூடியோக்களில் 1950களின் பிற்பகுதியில் இந்த எண் முறையை நீல் மாத்யூஸ் தன் குரல் குழுவுக்காகப் பயன்படுத்தத் தொடங்கினார். சார்லி மெக்காய் அதை வாத்தியக்காரர்களுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தார். பாடகர் கடைசி நிமிடத்தில் சுருதியை மாற்றினாலும் தாளில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த வேண்டாம் என்பதுதான் அதன் பலம். உங்கள் நோட்டில் கார்டுப் பெயர்களுக்கு மேலே எண்களையும் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

அறிகுறி: பாட்டு எந்த ஸ்கேல் என்றே பிடிபடவில்லை

பாட்டில் முதலில் வரும் கார்டுதான் ஸ்கேல் என்று எடுத்துக்கொள்வது பழைய தவறு. பாட்டு நான்காம் கார்டிலோ ஆறாம் கார்டிலோ தொடங்கலாம்.

இதைவிட நம்பகமான வழி, முழுப்படி இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மேஜர் கார்டுகளைத் தேடுவது. மேஜர் ஸ்கேலில் அப்படி அமைவது 4-உம் 5-உம் மட்டும். பாட்டில் ஜி மேஜரும் ஏ மேஜரும் வந்தால் ஜி நான்கு, ஏ ஐந்து, ஆகவே ஸ்கேல் டி. எஃப்-உம் ஜி-யும் வந்தால் சி. மைனருக்கும் இதுபோல் உண்டு. முழுப்படி இடைவெளியில் இரண்டு மைனர் கார்டுகள் வந்தால் அவை 2-உம் 3-உம். பி மைனரும் சி ஷார்ப் மைனரும் வந்தால் ஸ்கேல் ஏ.

இரண்டு ஜோடியும் இல்லாவிட்டால்? சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் மட்டும் வரும் பாட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். இதில் இரண்டு மைனரும் பக்கத்தில் இல்லை, இரண்டு மேஜரும் பக்கத்தில் இல்லை. இந்த நான்கும் சி-க்கும் சொந்தம், ஜி-க்கும் சொந்தம். இந்த நிலையில் கார்டை விட்டுவிட்டு மெட்டைக் கேளுங்கள். மெட்டில் எஃப் வந்தால் சி, எஃப் ஷார்ப் வந்தால் ஜி. இரண்டுமே வரவில்லை என்றால் பாட்டு எந்தக் கார்டில் வந்து இளைப்பாறுகிறது என்று காதால் முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: ஏழு கார்டும் சரி, ஆனால் முதல் கார்டில் முடித்தால் முடிந்த மாதிரி இல்லை

ஸ்வரக் கூட்டம் சரி, வீடு வேறு. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பாட்டு மைனர் ஸ்கேலில் இருக்கலாம். சி மேஜரின் அதே ஏழு ஸ்வரங்கள்தான் ஏ மைனருக்கும். ஒவ்வொரு மேஜருக்கும் அதன் ஆறாவது கார்டு இப்படித் துணையாக இருக்கும்: ஜி-க்கு ஈ மைனர், டி-க்கு பி மைனர், எஃப்-க்கு டி மைனர். கடைசி வரியில் சி-க்குப் பதில் ஏ மைனர் வைத்துப் பாருங்கள். உடனே அமைதி வந்தால் விடை கிடைத்துவிட்டது. நடுவில் ஈ மேஜரும் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம்.

இல்லையென்றால், ஐந்தாம் ஸ்வரத்தை வீடாகக் கொண்ட மெட்டாக இருக்கும். ஜி, எஃப், சி என்று சுழன்று ஜி-யில் வந்து நிற்கும் பாட்டுகள் உண்டு. மேலே சொன்ன ஜோடி விதிப்படி ஸ்கேல் சி என்று வரும், ஆனால் காது ஜி-யில்தான் உட்காரும். அது ஹரிகாம்போதியின் ஸ்வரக்கட்டு. கார்டுகளை மாற்ற வேண்டாம், முடிக்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

அறிகுறி: செவன்த் சேர்த்தால் அழகாகும் என்றார்கள், கெட்டுவிட்டது

செவன்த் என்றால் கார்டோடு சேரும் நான்காவது ஸ்வரம்: வெறும் செவன்த்திலும் மைனர் செவன்த்திலும் அது ரூட்டுக்கு முழுப்படி கீழே, மேஜர் செவன்த்தில் அரைப்படி கீழே. எல்லா மேஜர் கார்டுக்கும் ஒரே செவன்த் பிடித்திருப்பீர்கள். சி செவன்த்தில் பி ஃப்ளாட் இருக்கிறது, எஃப் செவன்த்தில் ஈ ஃப்ளாட் இருக்கிறது. இரண்டும் சி ஸ்கேலுக்கு வெளியே. முதல் கார்டுக்கும் நான்காம் கார்டுக்கும் மேஜர் செவன்த், இரண்டு, மூன்று, ஆறாம் கார்டுகளுக்கு மைனர் செவன்த் பிடியுங்கள். வெறும் செவன்த் என்று எழுதப்படுவது ஐந்தாம் கார்டுக்கு மட்டும். அதனால்தான் ஒரு பாட்டில் ஏ செவன்த்தைப் பார்த்ததும் அனுபவசாலிகள் டி-யை எதிர்பார்ப்பார்கள். ப்ளூஸ் வாசிப்பவர்கள் 1, 4, 5 மூன்றையும் வெறும் செவன்த்தாகவே பிடிப்பார்கள். அது அந்த இசையின் வழக்கம், அங்கே இந்தச் சோதனையைக் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி: பட்டியலில் இல்லாத கார்டு, ஆனால் கேட்க இனிமையாக இருக்கிறது

அப்படியானால் அதைத் திருத்தாதீர்கள். சொந்தக் கார்டுகளை நன்றாகப் படித்த ஒருவர் செய்யக்கூடிய பெரிய தவறு, பாட்டின் மிக அழகான இடத்தைப் பிழை என்று நினைத்து அழித்துவிடுவது. நான் இப்படி ஒரு பாட்டில் எஃப் மைனரை எஃப் மேஜராக ‘திருத்தி’, அந்த வரியின் ஏக்கத்தையே துடைத்துவிட்டேன்.

விருந்தாளிக் கார்டையும் பிழையான கார்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. வெளியே நிற்கும் ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, அது அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். சி ஸ்கேலில் ஈ செவன்த் வந்து அடுத்து ஏ மைனர் வருகிறது: ஜி ஷார்ப் அரைப்படி ஏறி ஏ-யில் சேர்கிறது. டி செவன்த்துக்குப் பின் ஜி: எஃப் ஷார்ப் ஏறி ஜி ஆகிறது. எஃப், எஃப் மைனர், சி என்று வந்தால் ஏ, ஏ ஃப்ளாட், ஜி என்று ஒரு இழை மெல்ல இறங்குவது தெளிவாகக் கேட்கும். வெளியே இருந்து வந்த ஸ்வரம் அரைப்படியில் ஒரு வாசலுக்குள் நுழைந்துவிட்டால் பெரும்பாலும் அது வேண்டி அழைக்கப்பட்ட விருந்தாளி. எங்கும் போகாமல் அந்தரத்தில் நின்றுவிட்டால், மெட்டோடும் மோதினால், அப்போது சந்தேகப்படுங்கள்.

இது மாறாத விதி இல்லை. ஆறாம் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ மேஜர் கார்டைப் பளிச்சென்று போட்டுவிட்டு நகரும் இசையமைப்பும் உண்டு. கடைசித் தீர்ப்பு காதுடையது.

அறிகுறி: கேட்டுக் கண்டுபிடித்த கார்டு எந்த ஸ்கேலுக்கும் பொருந்தவில்லை

பேஸில் ஈ கேட்டது, அதனால் ஈ மைனர் என்று எழுதிவிட்டீர்கள். மேலே சி-யும் ஜி-யும் ஒலித்துக்கொண்டிருந்தால் அது சி மேஜர்தான், தலைகீழாக நிற்கிறது. சி, ஈ, ஜி என்றாலும் ஈ, ஜி, சி என்றாலும் ஒரே கார்டு என்பதைக் கோட்பாடாக நிறுவியவர் பிரெஞ்சு இசையறிஞர் ழான் ஃபிலிப் ராமோ, 1722-இல். மூன்று ஸ்வரங்களையும் ஒன்று விட்டு ஒன்றாக வரும்படி அடுக்கிப் பாருங்கள். அடியில் வந்து நிற்பதுதான் ரூட்.

அறிகுறி: தனித்தனியாக வாசித்தால் இருவரும் சரி, சேர்ந்தால் எல்லாமே தவறு

ஒரு கார்டு மட்டும் இடித்தால் அது கார்டுப் பிழை. முதல் நொடியிலிருந்தே எல்லாம் இடித்தால் அது ஸ்கேல் பிழை, கார்டுகளைத் தொடாதீர்கள். ஒத்திகையில் அரைமணி நேரம் கார்டுகளைச் சந்தேகித்த பிறகு, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் சேர்த்து ஏற்றி இறக்கும் வசதி) முந்தின பாட்டுக்காக ஒன்று ஏற்றி வைத்தபடியே இருந்ததைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அடுத்து கேப்போ, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி வடிவத்தைப் பிடித்தால் வெளியே கேட்பது ஏ. கிட்டார்காரர் ‘ஜி ஸ்கேல்’ என்பார், அவர் கைக்கு அது உண்மை. கீபோர்டுக்காரர் ஏ ஸ்கேல் கார்டுகளைப் பிடிக்க வேண்டும். கிட்டார்காரரின் ஈ மைனர் இவருக்கு எஃப் ஷார்ப் மைனர். குழுவுக்குள் பேசும்போது ஒலிக்கும் ஸ்கேலை மட்டும் சொல்வது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டைக் கணக்கு. பாடகர் ‘நாலு கட்டை’ என்றால் எஃப் என்று பொருள். எண் முறையில் பழகியவர் காதில் அது நான்காம் கார்டு என்று விழும். 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி, இடையில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. கட்டை என்பது ஸ்கேல் எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறது. கார்டு எண், அந்த ஸ்கேலுக்குள் எந்த இடம் என்று சொல்கிறது. பாடகருக்கு இரண்டரைக் கட்டை வேண்டும் என்றால் ஸ்கேல் ஈ ஃப்ளாட். கிட்டாரில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவங்களைப் பிடிக்கலாம், அல்லது மூன்றாவது ஃப்ரெட்டில் போட்டு சி வடிவங்களைப் பிடிக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் லேசாகப் புளிக்கிறது என்றால், இருவரும் ஏ ஸ்வரத்தை மட்டும் ஒன்றாக ஒலித்துப் பாருங்கள். ட்யூனர் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா, யாராவது 432-க்கு மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முதல் கார்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.